சைதுன்னிசா பேசிய நேரம்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை. கேட்டது ஒரே ஒரு பக்கம். ஒரு தாய் நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். எனக்கு அது வரவில்லை. வராத அந்த ஒரு பக்கத்துக்குப் பதிலாகத்தான் இத்தனை பக்கம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, அதைக் கதை எழுதுகிறவர்களை மனதில் வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் திருப்பூர் ராயபுரத்தில் லேபிள் அச்சடிக்கிறவன். பனியனில் பின்கழுத்துப் பக்கம் உங்களை அரிக்குமே, அந்தத் துண்டு. சைஸ், துவைக்கும் முறை, செய்த நாடு. இடையிடையே பத்திரிகைகளில் சில கதைகள் வந்திருக்கின்றன. மாடியில் வாடகைக்கு இருக்கும் இந்துமதிக்கு இது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தாள்.

"ஏனுங்கண்ணா, நீங்க எழுதுவீங்கல்ல. இவங்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கோணும்."

கூட வந்தவள் சைதுன்னிசா. முப்பதைத் தாண்டியிருப்பாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கணவன் சலாவுதீன் பிரிந்து போனபோது மகள் மஹ்னூரையும் தூக்கிப் போய் மடத்துக்குளத்தில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டான். அப்போது மஹ்னூருக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. மகளைத் தன்னிடம் தர வேண்டும், வழக்கு முடிகிற வரைக்கும் வாரம் ஒரு தடவையாவது கண்ணில் காட்ட வேண்டும் என்று சைதுன்னிசா கேட்டிருக்கிறாள். இரண்டாவதாகக் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை.

2

எழுதிப் பார்த்த ஆரம்பங்களை மறைக்கப் போவதில்லை.

"நீதி தாமதமாகும்போது

(நாளிதழ்த் தலையங்கம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.)

"சைதுன்னிசாவின் கண்களில் ஒரு

(அவள் கண்களில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் துணி பார்க்கிறவர்களுக்கு இருக்கும் சிவப்பு மட்டும்தான்.)

"அந்த நீதிமன்றத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக

(இங்கே ஓர் எண் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. இந்தக் கதையில் நிமிடக் கணக்கு எதையும் போடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். இந்துமதி நொடி பிசகாமல் சொல்வாள். அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

கடைசியில் சுமாரான ஓர் ஆரம்பம் அமைந்தது. இந்துமதிக்கு வேலை போயிற்று.

3

இந்துமதிக்கு வேலை போயிற்று. வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் அவள் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். அங்கே அவளை ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) மேடம் என்பார்கள். டெய்லருக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, ஒரு கை தைக்க எவ்வளவு நேரம், ஒரு கழுத்து ஏற்ற எவ்வளவு நேரம் என்று அளப்பது அவள் வேலை. அதை வைத்துத்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள். டெய்லர்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

வாட்ச் பின்னால் வந்து நின்றால் திருப்பூரில் எந்த டெய்லரும் கையை மெதுவாக்கிக்கொள்வார். துணியை ஒரு தடவை கூடுதலாக நீவுவார். பிசிறு இல்லாத இடத்திலும் பிசிறு வெட்டுவார். வேகமாகத் தைத்துக் காட்டினால் நாளைக்கு அந்த வேகம்தான் டார்கெட். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, தற்காப்புதான். அளக்கிறவர்களும் இதை அறிவார்கள். அதனால் ரேட்டிங் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே மெதுவாகத் தைக்கிறார் என்று பட்டால், அளந்த நேரத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். இந்துமதி இதில் கெட்டிக்காரி. யார் இயல்பாகத் தைக்கிறார், யார் வாட்ச்சுக்காகத் தைக்கிறார் என்று தோள்பட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

[கெட்டிக்காரி என்று எழுதியதைப் படித்துவிட்டு, "அதை அடிச்சிருங்கண்ணா" என்றாள். நான் அடிக்கவில்லை.]

வேலையில்லாமல் இருந்த சமயத்தில் அவளுக்கு ஒரு தற்காலிக வேலை வந்தது. நீதிபதிகள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அளக்கும் ஆய்வு. வழக்குகளை எண்ணினால் மட்டும் வேலைச் சுமை தெரியாது. செக் திரும்பி வந்த வழக்கும் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே இன்னொரு நீதிபதி தேவை என்று சொல்ல முடியும். அந்த ஆய்வின் நியாயம் இதுதான், அது நல்ல நியாயம். அதைக் கிண்டல் செய்ய வேண்டும் என்று ஆரம்பத்தில் எனக்கு ஆசை இருந்தது. யோசித்துப் பார்த்தால் கிண்டலுக்கு அதில் இடமே இல்லை.

வாட்ச் பிடித்துப் பழகியவள் என்பதால் இந்துமதியை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள்) மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. மடியில் ஒரு டேப்லெட். வழக்கை அழைத்ததும் தொடவேண்டும், அடுத்ததை அழைத்ததும் தொடவேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: இயல்பா, இயல்புக்கு மாறா? மின்சாரம் போனது, வக்கீல்களுக்குள் கைகலப்பு, யாரோ மயங்கி விழுந்தார் என்றால் இயல்புக்கு மாறு. அந்த அளவுகள் சராசரியில் சேராது.

4

இப்போது மாரப்பன். அவர் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிறவர். ஊர் அனுப்பர்பாளையம். மனைவி, மகன், மருமகள் மூவரும் டெய்லர்கள். இந்தக் கதைக்கு இவர் வேண்டாம், வந்தால் வில்லனாகிவிடுவார் என்று இரண்டு முறை எடுத்தேன். எடுத்தால் கதையே நிற்கவில்லை. இந்துமதி சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை. நீதிபதி நிர்மலாவின் அறைக்கு வெளியே, அன்றைய பட்டியலுக்காக இந்துமதி நிற்கிறாள். கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே மாரப்பன் சொல்கிறார்:

"அம்மா, ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. வாட்ச் வந்து உக்காந்திருக்குது. தெனமும் ஓட்டற மாதிரியே நீங்க ஓட்டுனீங்கன்னா, இந்த ஓட்டத்தையே கணக்குன்னு எழுதிப்போடுவாங்க. அப்புறம் இன்னொரு கோர்ட்டு நமக்கு எந்தக் காலத்துலயும் வராதுங்க."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க, மாரப்பன்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாங்க. கூப்புடற கேஸை முழுசாக் கேளுங்க. அவ்வளவுதானுங்க."

அந்த மனிதர் சொன்னது பனியன் கம்பெனித் தந்திரம். அதை நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்ததும் அது ஏதோ நல்லுபதேசம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நீதிபதி முழுசாகக் கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு தந்திரம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது. வேறு நல்ல சொல் தேடினேன். துக்கம்தான்.

நீதிபதி என்ன பதில் சொன்னார் என்று இந்துமதியைக் கேட்டேன்.

"கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டாங்கண்ணா."

5

சைதுன்னிசாவின் வாய்தா வழக்கமாக இப்படி நடக்கும். பேரைக் கூப்பிடுவார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ச் சேர்வதற்குள் சலாவுதீனின் வக்கீல் அவகாசம் கேட்டிருப்பார். நீதிபதி தேதி சொல்லியிருப்பார். அவளுடைய வக்கீல் அருள்செல்வன் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, "வாங்கம்மா" என்பார். அவ்வளவுதான். மூன்று வருடங்களாக அந்த நீதிமன்றத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

மாரப்பன் அப்படிச் சொன்ன அன்றைக்கும் எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். நிர்மலா பட்டியலிலிருந்து நிமிர்ந்தார். "தேதி அப்புறம் பாக்கலாம். அந்தம்மா வந்திருக்காங்களா?"

அருள்செல்வன் எழுந்தார். "யுவர் ஆனர், என் கட்சிக்காரர்..."

"நீங்க உக்காருங்க. அவங்களே சொல்லட்டும். சொல்லுங்கம்மா."

சைதுன்னிசா பேசினாள்.

(இந்த இடத்தில் அவள் பேசியது வரவேண்டும். கதையின் நடுப்பாகம் இது. இது ஏன் காலியாக இருக்கிறது என்று சீக்கிரமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.)

பேசப் பேச நீதிபதி நடுவில் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாராம். ஒரு தடவை, "தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாராம். கதவோரம் நின்று வம்பளந்துகொண்டிருந்த வக்கீல்கள் பேச்சை நிறுத்தினார்கள். சலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டான். இதெல்லாம் அருள்செல்வன் சொல்லித் தெரிந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியம் இல்லை என்பதால் யாரும் தட்டச்சு செய்யவில்லை. முடிந்ததும் நிர்மலா சொன்னார்: "புரியுதும்மா. அடுத்த வாய்தாவுல ஆர்டர் போட்டுடறேன்."

"அன்னைக்கு பஸ் ஏறோணும்னே தோணலீங்கண்ணா" என்று சைதுன்னிசா என்னிடம் சொன்னாள். "ஊட்டுக்கு நடந்தே போனேன். கால் வலிக்கவே இல்லீங்க. மஹ்னூர் வந்துட்ட மாதிரியே இருந்துச்சு."

மூலையில் இந்துமதி டேப்லெட்டோடு இருந்தாள். அடுத்த வழக்கை அழைத்ததும் தொட்டாள். கேள்வி வந்தது. இயல்பா, இயல்புக்கு மாறா? மாரப்பன் காலையில் சொன்னது அவள் காதில் இருந்தது. இந்த நீதிபதி இந்த மாதிரி மனுக்களைக் கண்மூடித் திறப்பதற்குள் ஒத்திவைப்பதை அதற்கு முந்தின நாட்களில் அவளே அளந்திருக்கிறாள். இது வாட்ச்சுக்காக மெதுவாக்கிய கை. கம்பெனியில் இதைக் கழிக்காமல் விட்டால் அவள் தொழிலுக்குத் துரோகம் செய்தவள். எனவே, இயல்புக்கு மாறு.

அந்த ஆய்வு முடிகிற வரைக்கும் நிர்மலா நிதானமாகத்தான் கேட்டார். இந்துமதியும் ஒவ்வொன்றையும் அதே மாதிரி குறித்தாள்.

6

நிர்மலாவை எனக்குப் பிடிபடவில்லை. அவரைப் பற்றி எழுதிக் கைவிட்டவை:

"நீதிபதி நிர்மலா அடிப்படையில் நல்லவர், ஆனால்

"நீதிபதி நிர்மலாவுக்கு அன்று தன் சொந்த மகளின் ஞாபகம்

(அவருக்கு மகள் இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. இப்படித்தான் ஆட்களைக் கெடுக்கிறோம்.)

அவர் நடித்திருக்கலாம். இன்னொரு நீதிமன்றம் வந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்து நடித்திருக்கலாம். அல்லது, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து இப்படிக் கேட்கத்தான் ஆசைப்பட்டிருப்பார். கட்டுகள் மலையாகக் குவிந்த மேசையில் அதற்குச் சாக்கு கிடைக்கவில்லை, வாட்ச் வந்ததும் கிடைத்தது. எது சரி என்று மற்ற இருவரையும் கேட்டேன்.

சைதுன்னிசா யோசிக்கவே இல்லை. "நடிச்சிருந்தா மூஞ்சியில தெரியுமுங்க. அந்தம்மா நெசமாத்தான் கேட்டாங்க."

இந்துமதி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் நெனைக்காத நாளில்லீங்கண்ணா. டெய்லருங்க வாட்ச்சுக்காக மெதுவாத் தைப்பாங்கல்ல, அந்த பீஸை எடுத்துப் பாத்தீங்கன்னா தையல் சுத்தமா இருக்கும். ஒரு ஆல்ட்ரேஷன் வராது. அப்பிடித்தான் தைக்கோணும். அதைத்தான் நாங்க கழிச்சுப் போடறமுங்க."

இந்துமதி அழுதாள். சைதுன்னிசா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இது தலைகீழாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

7

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த நீதிமன்றத்துக்குக் கூடுதல் நீதிபதி இப்போதைக்குத் தேவையில்லை என்று ஆனது. இந்துமதி தன்னால்தான் என்று நம்புகிறாள். நான் அப்படி எழுத முடியாது. எத்தனையோ ஊர்கள், மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர், மேலே கூட்டிக் கழித்தவர்கள் வேறு. ஒருத்தி தொட்ட கட்டத்தால் மட்டும் ஒரு நீதிமன்றம் வராமல் போகாது. இதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முன்பே நிர்மலா மாற்றலாகிப் போனார். வழக்கமான மாற்றல். வந்தவர் கட்டைப் புரட்டினார். அதில் 'மனுதாரர் தரப்பு கேட்கப்பட்டது, ஒத்திவைப்பு' என்று ஒரு வரி இருந்தது.

"எல்லாஞ் சொல்லிட்டேனுங்களே" என்றாள் சைதுன்னிசா.

புதியவர் கோபப்படவில்லை. "என்கிட்ட சொல்லலையேம்மா. அடுத்த தடவை வந்து சொல்லுங்க. கேக்கறேன். கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. துணி பார்க்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. அன்றைக்கு எதிலிருந்து ஆரம்பித்தாள், எதைச் சொன்னபோது அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார், எதற்குச் சலாவுதீன் தலை குனிந்தான், ஒன்றும் நினைவில்லை. கரை உடைந்த மாதிரி வந்தது ஒரே தடவைதான். அருள்செல்வனைக் கேட்டால், "உருக்கமாப் பேசுனீங்கம்மா" என்கிறார். உருக்கம் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கிடையில் இந்துமதிக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே செக்கிங் டேபிளில் சைதுன்னிசா. இது உங்களுக்குக் கதைக்காகச் செய்த ஏற்பாடு மாதிரி படலாம். எனக்கே அப்படித்தான் பட்டது. ஆனால் திருப்பூரில் பத்து வருடம் இருந்து பாருங்கள். பிரிந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள்.

சைதுன்னிசாதான் அடையாளம் கண்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து இந்துமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நீங்க கோர்ட்டுல மூலையில உக்காந்திருந்தீங்களே. நான் பேசுனப்ப நீங்க அங்கதான இருந்தீங்க. நான் என்ன சொன்னேனுங்க? உங்களுக்கு ஞாபகம் இருக்குமுங்களே. அதையே மறுக்காச் சொல்லோணுங்க. எனக்கு வர மாட்டேங்குது."

இந்துமதி யோசித்தாள். சைதுன்னிசா எத்தனை நேரம் பேசினாள் என்பது நொடி பிசகாமல் நினைவிருந்தது. பேசியதில் ஒரு வார்த்தை நினைவில்லை. கேட்டிருந்தால்தானே. இந்துமதி டேப்லெட்டில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நீதிபதியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் மாடிப்படி இறங்கி என்னிடம் வந்தார்கள்.

8

அந்த ஒரு பக்கத்தை எழுத உண்மையாகவே முயன்றேன்.

"கனம் நீதிபதி அவர்களுக்கு, பெற்ற வயிறு

(அடித்துவிட்டேன்.)

"நான் ஒரு தொழிலாளி. என் மகளை நான்

"நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

சைதுன்னிசா சொல்ல ஆரம்பித்து, பாதியில் வேறு எங்கோ போனாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் மகளுக்குக் கவுன் எடுத்து மடத்துக்குளத்துக்கு அனுப்புகிறாள். வாங்கிக்கொள்கிறார்கள். போட்டாளா, உடம்புக்குப் பத்தியதா, ஒரு சேதியும் வருவதில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, என் மேசையில் வெட்டிக் கிடந்த சைஸ் லேபிள்களைப் பார்த்தாள்.

"எட்டு வயசுக்கு என்ன சைஸுங்கண்ணா வரும்?"

என் தொழில் அது. யோசிக்காமல் சொன்னேன்.

"அவ கொஞ்சம் ஒல்லிங்க. அஞ்சு வயசுல நாலு வயசுச் சட்டை பத்தும்" என்றாள். "இப்ப எப்பிடி இருக்கான்னு தெரியலீங்க."

இதை அப்படியே எழுதினேன். படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள். பிறகு தயங்கி, "ஆனா நான் அன்னைக்குப் பேசுன மாதிரி இல்லீங்கண்ணா. இது உங்க மாதிரி இருக்குது."

அவள் சொன்னது சரி. தாளை மடித்து வைத்துக்கொண்டாள், மரியாதைக்காக.

9

அவளுடைய வாய்தா வருகிற வியாழக்கிழமை. இந்தக் கதையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நடந்த பிறகு எழுதினால் அது செய்தி. மூன்று முடிவுகள் எழுதி, இந்துமதியையும் வைத்துக்கொண்டு சைதுன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு. பேரைக் கூப்பிடுகிறார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்கிறார். தேதி. "வாங்கம்மா" என்கிறார் அருள்செல்வன்.

"இது நடக்குமுங்க" என்றாள் சைதுன்னிசா. "இருக்கட்டும்."

இரண்டாவது முடிவு. புதிய நீதிபதி கேட்கிறார். அவள் தாளைப் பார்த்துப் படிக்கிறாள். மாதம் ஒரு தடவை, நீதிமன்றக் கட்டடத்திலேயே ஓர் அறையில் பார்க்கலாம் என்று உத்தரவு. மஹ்னூரைக் கூட்டி வருகிறார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்கிறாள். நேரம் முடிந்ததும் தானாகவே எழுந்துகொள்கிறாள்.

இந்துமதி என்னை முறைத்தாள். சைதுன்னிசாவே சொன்னாள். "இதுவும் நடக்குமுங்க. அவமேல தப்பில்ல. இருக்கட்டும்."

மூன்றாவது முடிவில் மஹ்னூர் வீட்டுக்கு வருகிறாள். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதைப் படித்து முடித்ததும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இதை எடுத்துருங்க."

"ஏனுங்க? நல்லபடியாத்தானே முடியுது?"

"இதுலயே அவ வந்துட்டா, இவளுக்கு இது போதும்னு அல்லா நெனச்சுக்குவானோன்னு பயமா இருக்குதுங்க. எடுத்துருங்கண்ணா."

எடுத்துவிட்டேன்.